ஒரு பீலித் தண்ணீருக்கு எத்தனை துறை வேண்டும்?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பீலி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மலைச் சரிவில் ஊறி வரும் தண்ணீரை மூங்கிலோ இரும்புக் குழாயோ வைத்து ஓரிடத்தில் விழும்படி செய்திருப்பார்கள். அதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடித்துப் போவது, நாலு கதை பேசுவது எல்லாம் அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்படி ஒரு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன்; கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகளோடுதான் என் பொழுது போகிறது. தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க ஒரு முறை இருக்கிறது. குழாய் வாயைத் தீயில் காட்டி, ஓரிரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, ஆவியில் அவித்துக் கிருமி நீக்கிய போத்தலை விரல் உள்ளே படாமல் திறந்து, கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு நிரப்பி மூடி, உடனே ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தால் நல்லது. நேரம் போகப் போகப் போத்தலுக்குள் சில பெருகும், சில செத்துப்போகும். தாமதித்தால் நாம் எண்ணுவது பீலியில் இருந்ததை அல்ல, போத்தலில் வளர்ந்ததைத்தான்.

போத்தலில் திகதி எழுதிக்கொண்டிருந்தபோது, குடத்தோடு நின்ற பெரியம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "புள்ள, போன வருசமும் இப்புடித்தான் யாரோ வந்து போத்தல்ல புடிச்சிக்கிட்டுப் போனாங்க. என்னா ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. நீயாவது சொல்லுவியா?" சொல்வேன் என்றேன். அவர் விடவில்லை. "வெயில் நாளாப் பாத்து வந்து புடிச்சா தண்ணி நல்லாத்தான் இருக்கும். மழ பெஞ்ச மறுநா வந்து பாரு. அது மாட்டால வருதா, மேல் லயத்துக் கக்கூசால வருதா, அதையும் பாத்துச் சொல்லு."

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் யாரிடமும் இல்லை. நாங்கள் பார்ப்பது ஈ.கோலி என்ற பற்றீரியா இருக்கிறதா என்பதை. குடிக்கிற தண்ணீரில் 100 மில்லிலீட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். யாருடைய மலம்? ஈ.கோலி மாட்டின் குடலிலும் வாழ்கிறது, மனிதக் குடலிலும் வாழ்கிறது. எங்கள் சோதனை அதற்கு மேல் வாய் திறக்காது.

"பல துறை சேர்ந்த நுண்ணங்கி ஆய்வுச் சமூகம் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?" என்று உயர்தரம் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கும்போது, நான் அந்தப் பெரியம்மாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

அவர் கேட்டதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாடா மனிதரா என்று கண்டுபிடிக்க, ஈ.கோலியை விட்டுவிட்டு பாக்டீராய்டிஸ் என்ற குடல் பற்றீரியாக் குழுவின் டிஎன்ஏவைத் தேட வேண்டும். மனிதக் குடலுக்கே உரிய வகை, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கே உரிய வகை என்று அதில் அடையாளங்கள் உண்டு. அது மூலக்கூற்று உயிரியல். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எத்தனை மாடு, சாணம் எங்கே போகிறது, கன்றுகளுக்குக் கழிச்சல் உண்டா என்பது மிருக வைத்தியம். மேல் லயத்து மலக்குழியிலிருந்து பாறை வெடிப்பு வழியாகத் தண்ணீர் பீலிவரை வருமா என்பது புவிச்சரிதவியல். குழியை எங்கே, எப்படிக் கட்டினால் வராது என்பது பொறியியல். மழைக்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை பிடித்தால் நம்பலாம் என்பது புள்ளிவிபரவியல். போன மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்பது மருத்துவம். பெண்கள் ஏன் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு இந்தப் பீலிக்கு வருகிறார்கள் என்பது சமூகவியல். ஒரு குடம் தண்ணீர். பல்கலைக்கழகத்தில் அது ஐந்தாறு பீடங்களில் சிதறிக் கிடக்கிறது.

நுண்ணங்கிக்குப் பீடம் தெரியாது

நுண்ணங்கி என்றால் நுணுக்குக்காட்டி இல்லாமல் பார்க்க முடியாத உயிர். பற்றீரியா, பங்கசு (பூஞ்சணம்), அல்கா (பாசி), புரோட்டோசோவா, பற்றீரியா போலவே தெரிந்தாலும் தனிக் குலமான ஆர்க்கியா, இவற்றோடு உயிரென்பதா இல்லையா என்று இன்னும் வாதிடப்படும் வைரசு. ஒரு மனித உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. நம்முடைய சொந்தக் கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடி. இந்த எண்களை முதல்முறை படித்த அன்று நான் என் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் இவற்றைப் படிக்கும்போது, அவை எங்கே வாழ்கின்றன என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டோம். செடியில் இருப்பதை விவசாய பீடம் எடுத்துக்கொண்டது, மாட்டில் இருப்பதை மிருக வைத்திய பீடம், மனிதரில் இருப்பதை மருத்துவ பீடம். ஈ.கோலியையே எடுங்கள். மருத்துவருக்கு அது சிறுநீர்ப்பாதைத் தொற்றின் காரணி. மிருக வைத்தியருக்குக் கன்றின் கழிச்சல். தண்ணீர்ப் பொறியியலாளருக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு. மரபணு ஆய்வாளருக்கோ அது கை கொடுக்கும் வேலையாள். 1978-இல் மனித இன்சுலினை முதன்முதலில் ஒரு பற்றீரியாவுக்குள் உருவாக்கியபோது, அந்தப் பற்றீரியா ஈ.கோலிதான். நான்கு பேரும் ஒரே உயிரின் பெயரைச் சொல்கிறார்கள். வெவ்வேறு சஞ்சிகை படிக்கிறார்கள், வெவ்வேறு மாநாட்டுக்குப் போகிறார்கள். பல நேரம் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

இந்தப் பிரிவினையை நுண்ணங்கி மதிப்பதில்லை. எலிக்காய்ச்சலைப் பாருங்கள். எலியின், மாட்டின் சிறுநீரில் வெளியேறும் பற்றீரியா ஈர மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் காத்திருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக வயலில் இறங்கியவரின் உடம்புக்குள் போகிறது. இலங்கையில் 2008-இல் 7,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. விலங்கு, மண், மழை, வேலை, மனித உடல் எல்லாவற்றையும் அந்தப் பற்றீரியா ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது. அதைத் துரத்துகிற நாம் ஒவ்வொரு வாசலிலும் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

நம்மை இங்கே நிறுத்திய பங்கசு

மலையகத்தாருக்கு இது வெறும் அறிவியல் விடயம் அல்ல. நாம் இங்கே இந்த வடிவில் வாழ்வதற்கே ஒரு பங்கசு பெரிய காரணம். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, பறித்து முடித்து, பிழைத்திருந்தவர்கள் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869-இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மாவு போல ஏதோ படிந்திருப்பது கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசு வல்லுநரான பெர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள். பெயர் பலித்தது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்த கோப்பி, இருபது வருடங்களுக்குள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று.

இடையில், 1880-இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் இருந்து, அந்தப் பங்கசின் வித்தி (விதை போன்ற நுண்துகள்) காற்றில் பரவுவதையும், ஈர இலையில் முளைத்து உள்ளே புகுவதையும் படிப்படியாகக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது. தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்ததோ மருந்து. பங்கசைப் படித்தவர் சரியாகத்தான் படித்தார். ஆனால் அந்த அறிவை எடுத்து, மண், காற்று, கடன், கூலி, பயிர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பேச அப்போது ஒரு மேசை இருக்கவில்லை. இருந்திருந்தால் கோப்பி பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதையாவது எல்லோரும் ஒரே நேரத்தில் அறிந்திருப்பார்கள்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டது அதற்கு ஆரம்பம். தேயிலைக் கொழுந்தை வருடம் முழுவதும் பறிக்க வேண்டும். வந்துபோன சனம் குடும்பத்தோடு லயத்தில் தங்கியது. ஒரு பங்கசின் வாழ்க்கைச் சரிதமும் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறும் இப்படிப் பின்னிக்கிடக்கின்றன. வரலாற்றுத் துறைக்கு நுண்ணங்கி ஆய்வில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தேயிலைக்கும் அதன் பங்கு வந்தது. 1946-இல் கொப்புள நோய் என்ற இன்னொரு பங்கசு நோய் இலங்கைக்குள் நுழைந்தது. இளம் கொழுந்தில்தான் அது பிடிக்கும். அதாவது நாம் பறிப்பதையே பிடிக்கும். இந்த முறை தலவாக்கலையில், சென்ட் கூம்ப்ஸில், தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. செப்பு மருந்து தெளிப்பதோடு அங்கே நிற்கவில்லை. இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் அடிக்கிறது, காற்றில் எத்தனை வித்தி மிதக்கிறது என்று சேர்த்துப் பார்த்து, எப்போது மருந்து தெளிக்க வேண்டும், எப்போது தேவையில்லை என்று சொல்லப் பார்த்தார்கள். பங்கசு ஆய்வும் வானிலை அவதானிப்பும் களத்து வேலையும் ஒரே கூரைக்கு வந்ததால் முடிந்தது அது. வார்ட் வந்த காலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பார்சலும் கூட்டாஞ்சோறும்

சரி, பல துறை ஆட்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தால் அது சமூகமாகிவிடுமா? ஆகாது. ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் கொண்டுவந்து ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று. ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து பருப்பு, இன்னொரு வீட்டிலிருந்து காய் என்று கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு கூட்டாஞ்சோறு பொங்குவது இன்னொன்று. முதலாவதில் மருத்துவர் ஒரு அறிக்கை, பொறியியலாளர் ஒரு அறிக்கை, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கோத்துக் கொடுத்துவிடலாம். இரண்டாவதில் கேள்வியே பொது. ஒருவர் கண்டுபிடித்தது மற்றவரின் அடுத்த வேலையை மாற்றும். ஆய்வுச் சமூகம் என்று நான் சொல்வது இந்தக் கூட்டாஞ்சோற்றை.

பெனிசிலின் கதை பலருக்குத் தெரியும், ஆனால் பாதிதான். 1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சணம் பிடித்த தட்டில் பற்றீரியா சாவதைக் கண்டார். அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அது மருந்தாகவில்லை. 1939-க்குப் பின் ஒக்ஸ்போர்டில் நோயியலாளர் புளோரி, உயிர் இரசாயனவியலாளர் செயின், எதையும் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துவிடக்கூடிய ஹீட்லி ஆகியோர் சேர்ந்த குழு அதைப் பிரித்தெடுத்து, எலிக்குக் கொடுத்து, மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஹீட்லி நோயாளிகளின் படுக்கைக் கழிகலத்தில்கூடப் பூஞ்சணம் வளர்த்தார். 1945-இல் நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. ஹீட்லிக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கடைசி விடயத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்ப வருகிறேன்.

நம் மலைநாட்டில் இந்தக் கூட்டாஞ்சோற்றுக்கு வேண்டிய அரிசி பருப்பெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம், விவசாயம், விஞ்ஞானம், பொறியியல், கலை என்று எல்லாப் பீடங்களும் மகாவலிக் கரையில் ஒரே வளாகத்துக்குள், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே பேராதனைப் போதனா வைத்தியசாலை. ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்களும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும். மேலே ஹந்தானையில் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம். பங்கசும் பற்றீரியாவும் ஒட்டி வாழும் உயிர்ப்படலத்தை உரமாக்கும் ஆய்வு அங்கே நடந்திருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், பதுளையில் 2005-இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம். இத்தனை சின்ன நிலப்பரப்பில் இத்தனை நுணுக்குக்காட்டிகள் இருப்பது சாதாரண விடயம் அல்ல. குறைவது பானைதான்.

பானையை எப்படிச் செய்வது

முதலில் சொற்கள். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் நான் பார்த்த கூட்டங்களில் பாதி நேரம் இதில்தான் போயிருக்கிறது. 'மாதிரி' என்ற நம் சொல்லையே பாருங்கள். எனக்கு மாதிரி என்றால் ஒரு போத்தல் தண்ணீர். புள்ளிவிபரக்காரருக்கு அது பிடித்த எல்லாப் போத்தல்களும் சேர்ந்த தொகுதி. "மாதிரி எத்தனை?" என்று அவர் கேட்க நான் "நாற்பது" என்றேன், "இல்லை, ஒன்று" என்றார் அவர். பொறியியலாளருக்கோ மாதிரி என்றால் கணினியில் அவர் வரைந்து வைத்திருக்கும் மலைச்சரிவு. பீலியில் நின்ற சனத்துக்கு, 'மழைத் தண்ணி மாதிரி' என்று உவமை சொல்லும் சொல். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்து நிறம் மாறவிடுவதை எல்லோரும் நொதிக்கவிடுவது என்கிறார்கள். நுண்ணங்கி படித்தவர் உடனே பற்றீரியாவையோ மதுவத்தையோ (ஈஸ்ட்) தேடுவார். உண்மையில் அங்கே வேலை செய்வது இலையின் சொந்த நொதியம் (என்சைம்). இலைச் சாறு ஒட்சிசனோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறுகிறது. நுண்ணங்கி பெருகினால் தேயிலை கெட்டுப்போகும். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்துவிடலாம், அவ்வளவு சுலபம். அதனால் புதிதாகக் கூடும் குழு ஒவ்வொன்றும் முதல் நாளே ஒரு கொப்பியில் தங்கள் சொற்களை எழுதிப் பொருள் எழுத வேண்டும் என்பேன். தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. பாதிப் பிள்ளைகள் அந்தக் கருத்தை முதல்முறையாகத் தம் தாய்மொழியில் கேட்பது அன்றைக்குத்தான்.

அப்புறம், உறைபெட்டி. நுண்ணங்கிகளைப் பிடித்தால் போதாது, வைத்துக் காப்பாற்ற வேண்டும். கிளிசரோல் கலந்து, விரல் அளவுக் குப்பியில் அடைத்து, மைனஸ் 80 பாகையில் வைத்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வுகூடத்தில் அந்த வாரம் உறைபெட்டி உருகிவிட்டது. கதவைத் திறந்தபோது அடுக்குத் தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. குப்பிகளில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகள் கழன்று தரையில் மிதந்தன. எந்தக் குப்பி எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதே வளாகத்தில் ஜெனரேட்டர் உள்ள இன்னொரு துறையின் உறைபெட்டியில் இடம் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு துறை ஆட்களும் மாதம் ஒருமுறை ஒன்றாகத் தேத்தண்ணி குடித்திருந்தால் அந்தக் குப்பிகள் பிழைத்திருக்கும். பொதுவான நுண்ணங்கிச் சேமிப்பகம், எது எங்கே இருக்கிறது என்ற ஒரே பட்டியல், இரண்டு இடங்களில் பிரதி: ஆய்வுச் சமூகத்தின் முதல் சொத்து இதுவாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த இயந்திரங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பெயர். ஹீட்லியை இங்கேதான் நினைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதை வைத்துத்தான் பதவி உயர்வு வருகிறது. ஐந்து பீடம் சேர்ந்து செய்த வேலையில் நடுவில் வரும் பெயர்களுக்கு மதிப்புக் குறைவு. இதை ஆரம்பத்திலேயே பேசி எழுதி வைக்காத குழுக்கள் கட்டுரை எழுதும் வாரத்தில் உடைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். பேசுவதற்குச் சங்கடமாக இருக்கும். பேசித்தான் ஆக வேண்டும். போத்தலைச் சுமந்து மலை ஏறியவர், உறைபெட்டியைப் பார்த்துக்கொண்டவர் பெயரும் அதில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவர்கள்தான் உண்மையான பாலம். பேராசிரியர்கள் இருவர் நண்பர்களாவதற்குப் பத்து வருடம் ஆகலாம். ஒரு மாணவிக்கு மிருக வைத்தியத்தில் ஒரு வழிகாட்டி, பொறியியலில் ஒரு வழிகாட்டி என்று இரண்டு பேரைக் கொடுத்துவிட்டால், அவள் வாரத்துக்கு இரண்டு தடவை அந்தத் தூரத்தை நடப்பாள். ஆறு மாதத்தில் இரண்டு ஆய்வுகூடத்திலும் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பணம், அனுமதி, மனிதரிடமும் விலங்கிடமும் மாதிரி எடுப்பதற்கான ஒழுக்கவியல் குழுவின் ஒப்புதல், ஆபத்தான கிருமிகளுக்கான பாதுகாப்பு விதிகள் எல்லாம் அவசியம். அவற்றுக்கு ஒழுங்கான படிவங்கள் இருக்கின்றன, நிரப்பிக் கொடுத்தால் சரி.

இதெல்லாம் ஏன் இப்போதே வேண்டும்? அவசரம் வந்த பிறகு ஆளைத் தேட முடியாது. 2021-இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. தேயிலை மலைகளில் உரம் இல்லாமல் திண்டாடினார்கள். அதற்கு மாற்றாகச் சீனாவிலிருந்து 20,000 தொன் சேதன உரத்தோடு கப்பல் வந்தது. முன்கூட்டியே அனுப்பிய மாதிரிகளில் தீங்கு தரும் பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத் தடுப்புப் பிரிவு சொன்னது. அனுப்பிய நிறுவனம் மறுத்தது. கடைசியில் உரம் இறங்கவில்லை, இலங்கை 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தட்டில் வளர்ந்த பற்றீரியா பயிருக்கு உண்மையிலேயே கேடானதா, அதே பேரினத்தின் அப்பாவி உறவினரா என்பது நுண்ணங்கிக் கேள்வி. அதைப் பயிர் நோயியல், மண், சட்டம், வர்த்தகம், இராஜதந்திரம் எல்லாம் சில நாட்களுக்குள் ஒன்றாகப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. முன்பே பழகியவர்கள் தொலைபேசியை எடுத்தால் போதும். பழகாதவர்கள் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் அதுவரை கடலில் நிற்கும்.

இனி அந்தப் பீலிக்கு வருகிறேன். பெரியம்மா சொன்னபடி மழை பெய்த மறுநாள் போனோம். இந்த முறை வண்டியில் நான் தனியாக இல்லை. மிருக வைத்தியம் படிக்கும் ஒரு பெண், புவிச்சரிதவியல் தம்பி, பொறியியல் தம்பி, சமூகவியல் தங்கச்சி ஒருத்தி. புவிச்சரிதவியல் தம்பி தண்ணீரைத் தொடவே இல்லை. மேலே ஏறிப்போய்ப் பாறையின் வெடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரை 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடித்து, அந்தத் தாளை வளர்ப்பூடகத்தில் வைத்தோம். மறுநாள் காலை, வெயில் நாளில் பிடித்ததன் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த நீலப் புள்ளிகள், மழைநாள் தட்டில் எண்ண முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெரியம்மா அதைக் கண்ணால் பார்த்தே சொன்னார். எங்களுக்குத் தட்டு வேண்டியிருந்தது. டிஎன்ஏ பார்க்கும் வசதி உள்ள ஆய்வுகூடத்தைத் தேடிப் பிடித்துச் சோதித்ததில், மாட்டுக்கு உரிய அடையாளமும் மனிதருக்கு உரிய அடையாளமும் இரண்டும் வந்தன.

முடிவைச் சொல்லப் போனது தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். ஆங்கில அறிக்கையைக் கொண்டுபோகவில்லை. பெரிய தாளில் மலைச்சரிவை வரைந்து, மேல் லயம், குழி, மாட்டுப்பட்டி, பீலி எல்லாவற்றையும் தமிழில் எழுதி, தண்ணீர் வரும் வழியை நீல மையில் காட்டினோம். தண்ணீர் சுத்தமாகும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றபோது ஒரு தம்பி, உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று கேட்டான். நல்ல கேள்வி. 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ஆனாலும் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஓரிரு நிமிடம் நின்றால் வயிற்றுக்குக் கேடு செய்யும் கிருமிகள் தாங்காது.

பெரியம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி புள்ள, மேல் லயத்துக் குழிய யாரு மாத்துவா? தொரையா, பிரதேச சபையா?" என்றார். தொரை என்றது தோட்ட நிர்வாகியை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2018-இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டங்களுக்குள் பணம் செலவழிக்கப் பிரதேச சபைகளுக்குச் சட்டச் சிக்கல் இருந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். நிலம் யாருடையது, குழி யாருடையது, விண்ணப்பத்தை யாருக்கு எழுத வேண்டும் என்பதைச் சொல்ல வண்டியில் ஆள் இல்லை. சமூகவியல் தங்கச்சி கேள்வியை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் போனபோது சட்டம் படிக்கும் மாணவி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரியம்மாதான் அவளை மேல் லயத்துக்குக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்க் குழியைக் காட்டினார்.